வலது கைக்கு மட்டும் ஏன் வலி?

சீசன் தொடங்கிவிட்டால் மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும், ஏன், அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையிலிருந்தும்கூட பைக்கிலேயே குற்றாலம் வருகிறார்கள். வண்டியை ஸ்டாண்டு போட்டதும் பலர் முதலில் செய்வது வலது கையை உதறுவதுதான். விரல்களை மடக்கி விரிக்கிறார்கள், மணிக்கட்டைப் பிசைந்துவிடுகிறார்கள். இடது கையை யாரும் அவ்வளவு கவனிப்பதில்லை. இரண்டு கைகளும் பிடித்திருந்தது ஒரே ஹேண்டில்பாரை. இரண்டுக்கும் ஏறியது ஒரே இன்ஜினின் அதிர்வு. போதாததற்கு, கிளட்சை அழுத்தி அழுத்தி விட்ட வேலை இடது கைக்குத்தான் இருந்தது. அப்படியிருந்தும் வலது கைதான் மரத்துப்போகிறது.

காரணம் ஒரு சின்ன ஸ்பிரிங்.

ஆக்சிலேட்டரை முறுக்கும்போது ஒரு கேபிள் இழுபடுகிறது. அதன் மறுமுனையில், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், ஒரு வட்டத் தகடு திறக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் தகட்டுக்குப் பதில் மேலேறி இறங்கும் உருளை இருக்கும். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பி.எஸ். 6 விதி வந்த பிறகு ஏறக்குறைய எல்லா பைக்குகளும் எரிபொருள் பீய்ச்சும் முறைக்கு மாறிவிட்டன. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: அதிகம் திறந்தால் அதிகக் காற்று, அதிகக் காற்றுக்கு அதிகப் பெட்ரோல், அதனால் அதிக விசை. தகட்டை எப்போதும் மூடவே பார்க்கும் ஒரு ஸ்பிரிங் அங்கே இருக்கிறது. நீங்கள் பைக்கில் போகும் ஒவ்வொரு நொடியும் உங்கள் வலது கை அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

தென்காசி வயல்களில் உழும் டிராக்டரில் கையால் நகர்த்தும் ஆக்சிலேட்டர் நெம்புகோல் ஒன்று இருக்கும். அதை எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கும். டிராக்டரால் முடிவது பைக்கால் முடியாதா? முடியும். தொடக்க கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இப்படிப்பட்ட நெம்புகோல்கள்தாம் இருந்தன. ஆனால் பைக் ஓட்டி தவறி விழலாம், மயங்கிச் சாயலாம், கை நழுவலாம். அப்போது இன்ஜின் தானாக அடங்க வேண்டும். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் கட்டுப்பாடுகளுக்கென இருக்கும் 123ஆம் எண் பாதுகாப்பு விதி இதை வெளிப்படையாகவே சொல்கிறது: கையை எடுத்ததும் ஆக்சிலேட்டரின் திருகுப்பிடி தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். அந்த ஸ்பிரிங் வலியைக் கொடுத்தாலும் நம் காவலாளி. இந்த உண்மையை மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு எதையும் பேச வேண்டும்.

காவலாளி ஏன் வலியைத் தருகிறது? தசை சுருங்கி விரியும்போது இரத்தத்தை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பம்புபோல வேலை செய்கிறது. சுருங்கிய நிலையிலேயே நிறுத்திவைத்தால் தசைக்குள் அழுத்தம் கூடி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. ஆக்சிஜன் வருவது குறைகிறது, கழிவுகள் தேங்குகின்றன. நடந்துகொண்டே இருப்பதைவிட ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பது காலை அதிகம் வலிக்கவைப்பதும் இதனால்தான். இடது கை நடுவில் பிடியை விட்டுத் தொடையில் ஊன்றிக்கொள்ளலாம். வலது கை விட்டால் வண்டி வேகமிழக்கும். கூடவே, உள்ளங்கையின் அடிப்பகுதி பிடியின் மேல் ஊன்றியே இருப்பதால் அங்கே ஓடும் நரம்பு அழுந்துகிறது. அதனால்தான் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதலில் மரக்கின்றன. நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களிடமும் மருத்துவர்கள் இதையே பார்க்கிறார்கள். நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் அந்தக் கையை நொடிக்கு 50 முறை குலுக்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டும் வேலையைக் கொஞ்ச நேரம் வேறொன்றிடம் ஒப்படைக்கும் கருவிதான் த்ராட்டில் லாக். தமிழில் இதை முடுக்கிப் பூட்டு என்று சொல்லலாம். பெயரில் பூட்டு இருந்தாலும் நல்ல முடுக்கிப் பூட்டு எதையும் பூட்டுவதில்லை. அது உராய்வை மட்டும் கூட்டுகிறது. அந்த உராய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் முழு அறிவியலும் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக மட்டும். ஸ்பிரிங் உங்கள் திருகுப்பிடியை ஒரு கிலோ அளவுக்கு மூடப் பார்க்கிறது என்று வையுங்கள். பூட்டு தரும் உராய்வு ஒன்றேகால் கிலோ. உராய்வு ஸ்பிரிங்கைவிடக் கூடுதல் என்பதால் பிடி நின்ற இடத்தில் நிற்கும். இப்போது நீங்கள் அதை மேலும் திறக்க வேண்டுமானால் ஸ்பிரிங், உராய்வு இரண்டையும் வெல்ல வேண்டும்: இரண்டேகால் கிலோ. மூட வேண்டுமானால்? உராய்வு உங்களை எதிர்க்கிறது, ஆனால் ஸ்பிரிங் உங்கள் பக்கம் நிற்கிறது. கால் கிலோ போதும். ஒரு விரல் தள்ளினாலே மூடிவிடும். உராய்வு என்பது எந்தப் பக்கம் அசைத்தாலும் எதிர்க்கும் விசை, ஸ்பிரிங்கோ ஒரே பக்கம் மட்டும் இழுக்கும் விசை. இந்த வேறுபாடுதான் பூட்டைப் பாதுகாப்பானதாக்குகிறது. திறப்பது கடினமாகவும் மூடுவது எளிதாகவும் அமைகிறது.

அதே பூட்டை இறுக்கி, உராய்வை நான்கு கிலோவுக்கு ஏற்றிவிடுங்கள். இப்போதும் பிடி நிற்கும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் மூட மூன்று கிலோ வேண்டும். குறுக்கே ஒரு மாடு வரும்போது, பதற்றத்தில், ஈரக் கையுறையோடு, அந்த மூன்று கிலோ வந்து சேருமா? ஆகவே பூட்டின் தரத்தை அது எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறது என்பதை வைத்து அளக்கக் கூடாது. எவ்வளவு எளிதாகத் தோற்கிறது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். மீன் எடை போடும் கொக்கித் தராசு ஒன்று, ஒரு முழம் உறுதியான நூல். இன்ஜினை அணைத்துவிட்டு, நூலைத் திருகுப்பிடியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தராசால் இழுத்து மெதுவாகத் திறங்கள். அப்போது தராசு காட்டும் அளவில் ஸ்பிரிங்கின் இழுப்பும் கேபிளின் சொந்த உராய்வும் சேர்ந்திருக்கும். பிறகு தராசைத் தளர்த்திக்கொண்டே வந்து, பிடி தானாக மூடிக்கொண்டு போகும்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இது ஸ்பிரிங்கின் இழுப்பிலிருந்து உராய்வைக் கழித்த அளவு. இரண்டின் நடுவே இருப்பது ஸ்பிரிங்கின் உண்மையான வலிமை. இரண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால், பூட்டு வாங்கும் யோசனையை ஒத்திவைத்துவிட்டு முதலில் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள், அல்லது மாற்றுங்கள். சாரல் விழும் ஊரில் கேபிள் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. பூட்டு மாட்டிய பிறகு நூலை எதிர்த்திசையில் சுற்றி, மூடுவதற்கு எவ்வளவு தேவை என்று அளந்தால் உங்கள் பூட்டின் குணம் எண்ணாகவே தெரிந்துவிடும்.

உராய்வுக்கு இன்னொரு குணமும் உண்டு. பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூலம் 1785இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த பொருள்களை அசையத் தொடங்கவைக்கும் விசை, அசைந்துகொண்டே இருக்கவைக்கும் விசையைவிடக் கூடுதல் என்பதைக் கவனமாக அளந்து காட்டினார். முன்னது நிலை உராய்வு, பின்னது இயக்க உராய்வு. பொருள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் கூடக்கூட நிலை உராய்வு சற்று ஏறுவதையும் அவர் கண்டார். ஆகவே பூட்டைப் போட்டவுடன் எளிதாக மூடுகிறது என்று திருப்தியடைந்துவிடாதீர்கள். சில நிமிடங்கள் அப்படியே விட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். இன்னொரு பக்கம், இன்ஜின் ஓடும்போது அதிர்வு உராய்வைத் தளர்த்திவிடும். அணைந்த வண்டியில் அசையாமல் நின்ற பிடி, ஓடும் வண்டியில் மெல்ல மெல்ல நழுவி மூடிக்கொள்ளலாம். நழுவினால் உடனே இறுக்கிவிட வேண்டும் என்று தோன்றும். கொஞ்சம் நழுவும் பூட்டுதான் நல்லது என்பது என் முடிவு.

இனி வகைகள். பழைய பிரிட்டிஷ் பைக்குகளின் திருகுப்பிடிக்கு அடியிலேயே ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதை இறுக்கினால் உள்ளே ஒரு தகடு அழுந்தி உராய்வைத் தரும். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் ஒரு வகை ஹேண்டில்பாரின் நுனியில் இருக்கும் எடைக்குப் பதிலாகப் பொருந்துவது. தென்னாப்பிரிக்காவின் காவ்கோ இவ்வகை. நுனியில் இருக்கும் வளையத்தைத் திருகினால் அது பிடியின் முனையை உரசி நிறுத்தும். இன்னொரு வகை, பிடியின் உள்விளிம்பைக் கவ்விக்கொண்டு, பொத்தானை அழுத்தினால் சுவிட்சுப் பெட்டியில் சாய்ந்து நிற்பது. அமெரிக்காவின் அட்லஸ் இப்படிப்பட்டது. ஒரு பொத்தான் போட, ஒரு பொத்தான் எடுக்க. ரப்பர் வளையம் ஒன்றைத் திருகுப்பிடிக்கும் நுனி எடைக்கும் இடையே உருட்டிவிடும் சிக்கன வழியும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பரின் உராய்வு வெயிலில் ஒரு மாதிரி, ஈரத்தில் ஒரு மாதிரி. இன்று அளந்த அளவு நாளைக்கு இருக்காது.

இதே வலிக்கு உதவும் உள்ளங்கைத் தட்டு என்றும் ஒன்று உண்டு; அது பூட்டு அல்ல, வேறு பொருள். பிடியில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் நாக்கு, அவ்வளவுதான். விரல்களால் இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையின் எடையாலேயே ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்திருக்கலாம். கையை எடுத்தால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும், ஆகவே காவலாளிக்கு இடையூறில்லை. விலையும் குறைவு. ஆனால் நெரிசலில் வண்டியைக் காலால் உந்தித் திருப்பும்போது உள்ளங்கை அறியாமல் அதன்மேல் ஊன்றிவிட்டால் வண்டி துள்ளும். தட்டைச் சற்றுத் தாழ்வாகத் திருப்பி வைத்தால், நகரத்தில் போகும்போது முழுக்க ஒதுக்கிவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

உராய்வால் பிடிக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. தென்காசியைப்போல அதைத் தெளிவாகக் காட்டும் ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், ஆரல்வாய்மொழி போலச் செங்கோட்டையிலும் ஒரு கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு வழியாக அங்கே பாய்ந்து வருகிறது. குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுப்பதும், கிழக்கே சமவெளியில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இந்தக் காற்றுதான். ஆனி, ஆடியில் தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்கு 60 கிமீ வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். முதுகில் 30 கிமீ வேகக் காற்று. உங்கள் நெஞ்சில் மோதும் காற்றின் வேகம் 60இல் 30 போக, வெறும் 30தான். மாலையில் அதே சாலையில் அதே 60இல் திரும்புகிறீர்கள். இப்போது நெஞ்சில் மோதுவது 90. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மூன்று மடங்கு வேகம் என்றால் ஒன்பது மடங்கு தடை. ஒரே சாலை, ஒரே வண்டி, மீட்டரில் ஒரே 60, காற்றோடு மல்லுக்கட்டும் விசை மட்டும் ஒன்பது மடங்கு.

முடுக்கிப் பூட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அது பிடிப்பது தகட்டின் திறப்பை, வேகத்தை அல்ல. அடுப்பில் பாலை வைத்து, தீயை ஒரே அளவில் வைத்துவிட்டுப் போவதற்கும், பக்கத்திலேயே நின்று பொங்க வரும்போது தணிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. எதிர்காற்றுக்கு ஏற்பத் திறந்துவைத்த ஆக்சிலேட்டர் பூட்டிக் கிடக்கும்போது, சாலையோரத் தோப்போ முன்னால் போகும் பேருந்தோ அந்தக் காற்றை மறைத்தால், நீங்கள் எதையும் செய்யாமலே வண்டி வேகமெடுக்கும். மேட்டில் இளைக்கும், இறக்கத்தில் பாயும்.

பக்கத்தில் நின்று தணிப்பதற்குப் பின்னூட்டம் என்று பெயர். விளைவைப் பார்த்து, அதற்கேற்பக் காரணத்தைத் திருத்துவது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இன்ஜினில் சுழலும் இரண்டு குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து உயரும், அதனால் நீராவி வரும் வழி சுருங்கும். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868இல் இத்தகைய கருவிகளைக் கணிதமாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கட்டுப்பாட்டியல் என்ற துறைக்கே அது ஒரு தொடக்கம். ஐந்து வயதில் பார்வையை இழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் காருக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கி 1950இல் காப்புரிமை பெற்றார். 1958இல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. தான் ஓட்ட முடியாத வாகனத்தின் வேகத் தடுமாற்றத்தை உடலால் உணர்ந்தே அவர் அதற்கு விடை தேடினார் என்பது என்னை எப்போதும் வியக்கவைக்கும் செய்தி.

குரூஸ் கன்ட்ரோல் என்று நாம் சொல்வது இதைத்தான். கேபிள் இல்லாமல் மின்சமிக்ஞையால் தகட்டைத் திறக்கும் பைக்குகளில் இதைச் சேர்ப்பது எளிது. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் 2023இல் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்டிஆர் 310இல் இது உண்டு. இதன் பெரிய வரம், வேகத்தைச் சீராக்குவதைவிட, பிரேக்கைத் தொட்டதும் தானாக விலகிவிடுவதுதான். உராய்வுப் பூட்டுக்கு அந்த அறிவு கிடையாது. பிரேக் பிடித்தாலும் இன்ஜின் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மூட வேண்டியது நீங்கள்.

ஆகவே பூட்டை எங்கே பயன்படுத்தலாம் என்பது தெளிவு. திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் ஊர்களுக்கு இடைப்பட்ட, நேரான, காய்ந்த, போக்குவரத்துக் குறைந்த துண்டுகளில் மட்டும், கையை உதறி இரத்தம் ஓடவிடும் அரை நிமிட நேரத்துக்கு. கை ஹேண்டில்பாரை விட்டு அதிக நேரம் விலகியிருக்கக் கூடாது. புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் கூடாது. அங்கே ஆக்சிலேட்டர் வளைவுக்கு வளைவு மாற வேண்டும், எதிரே சரக்கு லாரிகள் வரும். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகும் சாலைகளில் கூடாது. ஆட்டோ, நடப்பவர்கள், குரங்குகள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஈரத்தலையோடு சாலையைக் கடப்பவர்கள் என எல்லாம் அங்கே உண்டு. சாரல் விழுந்தால் எந்தச் சாலையிலும் கூடாது. ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கும் கணத்தில் கை தன்னையறியாமல் ஆக்சிலேட்டரைத் தளர்த்தும். அந்தத் தளர்வுதான் சக்கரத்துக்கு மறுபடி பிடிப்பைக் கொடுக்கிறது. பூட்டு அந்தக் கணத்தைத் திருடிவிடும்.

ஆக்டிவா, ஜூபிடர் போன்ற கியரில்லாத ஸ்கூட்டர்களில் முடுக்கிப் பூட்டு மாட்டவே வேண்டாம். கியர் பைக்கில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால் இடது கை கிளட்சை அழுத்தி இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும். ஸ்கூட்டரில் கிளட்ச் தானியங்கி. இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்வரை அது பிடித்தே இருக்கும். தப்பிக்கும் வழிகளில் முக்கியமான ஒன்று அங்கே இல்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒன்றையும் விடக் கூடாது. பிடியின் விட்டத்தையும் நுனித் துளையையும் அளந்து வாங்குங்கள். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்ற அட்டைப்பெட்டி வாசகத்தை நம்பி வாங்க வேண்டாம். நுனி எடை அதிர்வைக் குறைக்கத்தான் அங்கே இருக்கிறது, ஆகவே அதற்குப் பதிலாக வருவது ரொம்ப லேசாக இருந்தால் கை முன்னைவிட மரக்கும். பூட்டு எடுத்த நிலையில் திருகுப்பிடிக்கும் நுனிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வேண்டும். பிடி அங்கே உரசினால், பூட்டு போடாதபோதும் பூட்டியதுபோல நிற்கும். கவ்வும் வகையானால் பிரேக் லீவரை முழுக்க அழுத்திப் பாருங்கள். லீவரோ விரலோ பூட்டின் எந்தப் பாகத்திலும் இடிக்கக் கூடாது. சிவப்பு கில் சுவிட்சுக்குக் கட்டைவிரல் தடையின்றி எட்ட வேண்டும். சின்னத் திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அதிர்வில் கழலாமலிருக்க, கழற்றக்கூடிய வகைத் திருகுப்பசை ஒரு சொட்டுப் போதும்.

பிறகு சோதனை. நடு ஸ்டாண்டில், இன்ஜின் அணைந்த நிலையில், ஹேண்டில்பாரை இடது கோடி, நடு, வலது கோடி என மூன்று நிலையிலும் வைத்து ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து விடுங்கள். பூட்டு எடுத்திருக்கும்போது ஒவ்வொரு முறையும் அது 'டக்'கென்று மூட வேண்டும். பூட்டைப் போட்டு, கையுறையோடு, பொத்தானைத் தொடாமல், வெறும் மணிக்கட்டால் மூடிப் பாருங்கள். மூட முடியாவிட்டால் அந்தப் பூட்டு உங்கள் வண்டிக்கு வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, மெக்கானிக்கிடம் காட்டாமல் சாலைக்குப் போகாதீர்கள். முதல் ஓட்டச் சோதனையை வெறிச்சோடிய சாலையில், குறைந்த வேகத்தில் செய்யுங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பின் திருகாணிகளை மறுபடி பாருங்கள்.

பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆக்சிலேட்டர் சிக்கினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிளட்சை அழுத்துங்கள், கில் சுவிட்சைத் தட்டுங்கள், பிறகு பிரேக். உங்கள் வண்டியில் கில் சுவிட்சு இல்லையென்றால் சாவியை அணையுங்கள், ஆனால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிவிடாதீர்கள். இன்று மாலையே, நின்ற வண்டியில், கண்ணை மூடிக்கொண்டு இந்த வரிசையை உங்கள் கைகளுக்குப் பழக்குங்கள். அதற்குப் பிறகு பூட்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.